கங்காணியின் பிரம்பு

ரப்பர்த் தோட்டத்து மாரியம்மன் கோயிலில், அம்மன் காலடியில், கங்காணி ரெங்கசாமியின் பிரம்பு இருந்தது. ஊரிலிருந்து கப்பலில் ஆள் கூட்டி வந்து வேலை வாங்கிய கங்காணி. வெள்ளிப் பூண் போட்டு, சந்தனம் பூசி, நல்லெண்ணெய் தடவித் தடவி அந்தப் பிரம்பு நனைந்த பாம்புபோல மினுங்கியது. பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் வரிசையாக வந்து குனிய, பூசாரி அதை எடுத்து ஒவ்வொரு முதுகிலும் தட்டினார். அந்த வரிசையில் தன் மகளும் நிற்பதை மாசிலாமணி அப்போதுதான் பார்த்தான்.

"கோயிலக் கட்டுன புண்ணியவான் பெரம்புங்க. முதுகுல பட்டா படிப்பு வருமாம்," என்றாள் அவன் மனைவி கனகவல்லி.

"எங்கப்பா முதுகுல படாத பெரம்பா? அவருக்கு என்னாடி வந்துச்சி?"

"மெல்லப் பேசுங்க. கங்காணி பேரன்தான் கோயில் தலைவரு."

சிறுவயதில் அப்பாவுக்கு எண்ணெய் தேய்க்கும்போது முதுகுத் தடிப்புகளில் அவன் விரல்கள் ஏறி இறங்கும். காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் பிந்தி வந்ததற்கு வாங்கியவை. அப்பாவின் தோலும் இரத்தமும் ஒட்டிய குச்சிக்கு இப்போது கற்பூரம் காட்டுகிறார்கள். அவனுக்கு வாயெல்லாம் கசந்தது. மகளை இழுத்து வந்துவிடுவது என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அவள் கையைப் பிடித்தான்.

"அடடே, வாங்க! அப்பாவுக்கும் ஒன்னு," என்று பூசாரி பிரம்பை ஓங்கினார்.

காறித் துப்பத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் அவன் முதுகு, அவனைக் கேட்காமலே, குனிந்து கொடுத்தது.