மூன்றாவது ஆல்பம்

சிறையிலிருந்து வந்த அண்ணன் நேராகத் தம்பியின் அறைக்குள் நுழைந்தான். போர்வை ஒட்டிய அலமாரிக்குள் மைக் தொங்கியது. தம்பி ராப் பாடுவதும் பதிவு செய்வதும் அதற்குள்தான்.

“மூணு வருஷத்துல ஒரு தடவைகூட என்னைப் பார்க்க வரல. ஆல்பம் போட மட்டும் நேரம் இருந்துச்சா?”

தம்பி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான்.

அண்ணன் மேசையிலிருந்த போனை எடுத்தான். திரையில் தம்பியின் மூன்று ஆல்பங்களும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன. தலைப்புகளை மேலிருந்து படித்தான்.

“நான். இல்லை. அவன்.”

அடுத்த நொடி தம்பியின் சட்டை அவன் பிடியில் இருந்தது.

“ஆள் மேல காரை ஏத்தினது நான் இல்லை, அவன்னு ஊரெல்லாம் பாடி வச்சிருக்கியா? அண்ணன்னு சொல்லக்கூட வாய் வரல, அவனாம்!”

“விடுண்ணா.”

“பழியைத் தலையில போட்டுக்கிட்டு உள்ள போனேனேடா, யாருக்காக?”

“புதுசுதான் மேல இருக்கும்ண்ணா. நான் போட்ட வரிசையில, கீழேயிருந்து படி.”

அண்ணன் படித்தான்.

அவன். இல்லை. நான்.

“கடைசி ஆல்பம் இன்னிக்குக் காலையிலதான் வந்துச்சு.”

வாசலில் ஜீப் வந்து நின்றது. பதறிய அண்ணனைத் தம்பி தோளைப் பிடித்து உட்கார வைத்தான்.

“நீ இரு. இந்தத் தடவை போலீஸ் சரியான ஆளைத் தேடித்தான் வந்திருக்கு.”