இரண்டாவது கட்டில்

மயூர் விஹாரில் புதிதாகக் கட்டிய முதியோர் இல்லத்தில் வசுமதி தன் அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"பாத்ரூம்ல வழுக்காத டைல்ஸா மாத்துங்கோ. ஸ்விட்ச் எல்லாம் கைக்கு எட்டணும். கட்டில் ரெண்டு."

"ரெண்டாவது யாருக்கு மாமி?" என்றார் மேனேஜர் ஜெகன்.

"என் பிள்ளை விசுவுக்கு. என்னை விட்டா அவனுக்கு யாரு இருக்கா?"

"அச்சா! பிள்ளைங்களைத் தங்க விடமாட்டோம் மாமி. அறுபது வயசானவங்களுக்குத்தான் இடம்."

"தெரியும். அதான் இன்னிக்கு வந்தேன்."

கழுத்தில் மாலையோடு நரைத்த தலைக்காரர் ஒருவர் உள்ளே நுழைந்தார்.

"ஆபீஸ்ல வழியனுப்பிட்டாம்மா. இன்னியோட சர்வீஸ் முடிஞ்சது."

"பார்த்தேளா? என் பிள்ளைக்கு அறுபது!" வசுமதி இன்னொரு விண்ணப்பத்தை மேஜைமேல் வைத்தாள்.

ஜெகன் சிரித்தபடி அதை நிரப்பினார். "குளிக்கிற இடத்துல பிடிச்சுக்கக் கம்பி வைக்கட்டுமா மாமி?"

"வைங்கோ. விசுவுக்கு முழங்கால் வலி. எனக்கு வேண்டாம்."