நான்காம் மாடிக் குடித்தனம்

அவர்கள் எழுந்தால்தான் சோபாவை விற்க முடியும். அவர்களோ எழுகிற மாதிரி தெரியவில்லை.

சோபா எங்கள் கடையின் நான்காம் மாடியில், மாதிரிக்குப் போட்டு வைத்திருக்கும் ஹாலில் இருந்தது. சுவரில் அட்டையில் செய்த டி.வி. அலமாரியில் உள்ளே ஒன்றுமில்லாத புத்தகங்கள். தட்டில் பிளாஸ்டிக் ஆப்பிள். அந்த ஹாலில் உண்மையாக இருந்தது அந்தச் சாம்பல் நிறச் சோபா ஒன்றுதான். அந்த மாடலில் அதுதான் கடைசி.

வாங்க வந்தவர் புதுவீடு கட்டியவர். கையில் டேப்பு. நீளம் அகலமெல்லாம் அளந்தாயிற்று. இனி உட்கார்ந்து பார்க்க வேண்டும். இரண்டு மூலையிலும் ஆள் இருந்ததால் நடுவில் உட்காரச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை.

மூலைக்கொருவராக இருந்த அந்தக் கணவன் மனைவியைக் கடையில் எல்லோரும் ‘குடித்தனம்’ என்போம். ஐம்பதைத் தாண்டியிருப்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தவறாமல் வந்துவிடுவார்கள். அவர் செருப்பைக் கம்பளத்துக்கு வெளியே கழற்றிவிட்டு வருவார். அந்தம்மா தோளில் உறுத்தும் சோபாவின் விலைச்சீட்டைப் பின்பக்கம் தள்ளிவிட்டுக் காலை மடக்கிக்கொள்வார். நாங்கள் வாடகை கேட்காததுதான் பாக்கி.

கையில் காசில்லாதவர்கள் என்றாலாவது மனசு ஆறும். கீழே மூன்று மாடியையும் அள்ளிக்கொண்டுதான் மேலே வருவார்கள்.

போன வாரம் பாதம் பிடித்துவிடும் மெஷின். அதற்கு முந்தின வாரம் ரொட்டி சுடும் பெட்டி, கூடவே இலவசமாக ஒரு குடை. இன்றைக்கு யோகாவுக்கு விரிப்பு. ஒன்று வாங்கினால் ஒன்று சும்மா என்பதால் இரண்டு. என் மாடிக்கு வந்ததும் மட்டும் கை சுருங்கிவிடும். உட்காருவதோடு சரி. சோபா என்ன பாவம் பண்ணியது என்று எனக்கு வயிறு எரியும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே உட்கார்ந்துதான் அவர் முழங்கால் ஆபரேஷனுக்குச் சம்மதித்தார். அங்கிருந்துதான் அந்தம்மா, பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த தங்கைக்குப் போன் போட்டார்.

ஒரு ஞாயிறு இருவருக்கும் சண்டை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்த அட்டை டி.வி.யை வெகுநேரம் பார்த்தார். அதில் என்ன படம் ஓடுகிறது என்று அந்தம்மா கேட்டார். அவ்வளவுதான், இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

எனக்கும் கல்யாணமாகிவிட்டது. வீட்டில் அவள் போனில் செருப்பு பார்த்துக்கொண்டிருப்பாள், நான் வாட்ச் பார்த்துக்கொண்டிருப்பேன். குடித்தனத்தைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும்.

தூரத்திலிருந்து மேலாளர் கண்ணை உருட்டினார். இந்த மாதம் என் கையால் ஒரு சோபாகூடப் போகவில்லை. இதையும் நழுவவிட்டால் என்னைக் குடோனில் தள்ளிவிடுவதாகக் காலையில்தான் சொல்லியிருந்தார்.

மனசைக் கல்லாக்கிக்கொண்டு அவர்களிடம் போனேன். சார் கொஞ்சம் எழுந்துகொள்ள வேண்டும், இவர் இதை எடுத்துக்கொள்கிறார், நாளைக்கு வண்டி வந்துவிடும் என்றேன்.

அந்தம்மா சட்டென்று சோபாவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். வீட்டைக் காலி பண்ணச் சொன்ன மாதிரி அவர் முகம் வாடிவிட்டது. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

இதேபோல இன்னொன்று வருமா என்று கணவர் மெதுவாகக் கேட்டார். கம்பெனி செய்வதை நிறுத்திவிட்டது, இனிமேல் வராது என்றேன். வேறு சோபா போடுவீர்கள்தானே என்றார். இந்த இடத்தில் அலமாரிகள் வரப்போகின்றன என்ற உண்மையைச் சொன்னேன்.

புதுவீட்டுக்காரர் டேப்பைச் சரக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டு, ஆகுமா ஆகாதா என்றார்.

அந்தம்மா கணவரின் காதில் ஏதோ சொன்னார். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து கார்டை எடுத்து என்னிடம் நீட்டினார். சோபாவை நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்றார். விலையைக்கூடக் கேட்கவில்லை.

புதுவீட்டுக்காரர் குதித்தார். முதலில் வந்து உட்கார்ந்தவர்கள் அவர்கள்தானே என்று நான் நியாயம் பேசினேன். மேலாளரே ஓடிவந்து, பழுப்பு நிறத்தில் இதைவிட நல்லது இருக்கிறதென்று அவரைத் தோளில் கைபோடாத குறையாக அழைத்துக்கொண்டு போனார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை மாதம் உட்கார்ந்து தேய்த்தவர்கள் ஒரு நிமிஷத்தில் விழுந்துவிட்டார்களே. குடோன் பயமும் போயிற்று. பேச்சே கொடுக்காமல் விற்றவன் இந்தக் கடையிலேயே நான்தான் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அந்தக் குஷியில் நாளைக் காலையே டெலிவரி, எத்தனை மாடியானாலும் ஏற்றிக் கொடுத்துவிடுவோம், கூலி கிடையாது என்று அளந்துவிட்டேன்.

அவர் கையமர்த்தினார்.

“டெலிவரி எல்லாம் வேணாம் தம்பி. இங்கயே எங்கயாவது ஒரு ஓரமா கிடக்கட்டும். நாங்க வந்து போறோம்.”

விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. விற்ற பொருளைக் கடையில் வைத்துக்கொள்ள வழியில்லை சார், உங்கள் வீட்டு ஹாலில் போட்டால் எவ்வளவு எடுப்பாக இருக்கும் என்று எடுத்துச் சொன்னேன்.

அவர் அந்தம்மாவைப் பார்த்தார். அந்தம்மா யாராவது கேட்கிறார்களா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“வீட்டுல இதே சோபா இருக்குப்பா. போன வருஷமே உங்க கடையிலதான் வாங்கினோம். வாங்கின சாமானெல்லாம் அதுமேலதான் கிடக்கு. உக்காரத்தான் இடமில்ல.”