இரவல் பிள்ளை

"குழந்தையை என்கிட்ட குடுத்துடு, அக்கா."

செத்தாலும் கேட்கக் கூடாது என்று அம்மா சொல்லிவைத்திருந்தது இதைத்தான். ரெகீனா ஊர்ப் பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

கோட்டைத் தேவாலயத்தின் தானிய அறையில் எல்லோரையும் அடைத்திருந்தார்கள். துருக்கியரைத் தடுக்க முப்பாட்டன்கள் எழுப்பிய மதில், இன்று ரஷ்யச் சிப்பாய்களுக்கு வசதியாகப் போயிற்று. வாசலில் இரண்டு பேர் நின்றால் போதும், ஒருத்தியும் தப்ப முடியாது.

பதினெட்டு முதல் முப்பது வயது வரை, ஜெர்மன் வம்சத்துச் சாக்சன் பெண் என்றால் ரஷ்ய நிலக்கரிச் சுரங்கத்துக்கு. கைக்குழந்தைக்காரிகள் மட்டும் வீட்டுக்கு.

சூசன்னாவின் கையில் குழந்தை வீறிட்டது.

"குடுக்காத சூசன்னா!" என்றாள் பக்கத்து வீட்டு ரோசீனா அத்தை. "இவ வீட்டுக்குப் போவா, நீ கரி வெட்டப் போவ. நல்லா வந்து வாய்ச்சாளே தங்கச்சி!"

ரெகீனாவின் மார்ச்சட்டை நனைந்திருந்தது. "பனியில நின்னா, நனைஞ்சிருச்சு" என்று யாரும் கேட்காமலே சொல்லி, அம்மா அவள் சால்வையை இழுத்து மூடினாள்.

"இரவல் பிள்ளையெல்லாம் செல்லாதுடி" என்றாள் அத்தை. "வெளிய பேரு பதியுற மேசைகிட்ட ஒரு டாக்டரம்மா உக்காந்திருக்கா. மாரை அமுக்கிப் பால் வருதான்னு பாக்குறா. பக்கத்து ஊர்ல ரெண்டு பேரு மாட்டிக்கிட்டாளுங்க."

சூசன்னாவின் முகம் வெளுத்தது. பாவம், கூச்சக்காரி என்று நினைத்துக்கொண்டார்கள்.

"அதனாலதான் கேக்குறேன்" என்றாள் ரெகீனா.

அம்மா அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "போறவங்க போகட்டும்டி. குடும்பப் பேரு போகக் கூடாது."

"பேரா கரி வெட்டப் போகுது? நாங்கதாம்மா வெட்டணும்."

கையை உதறிக்கொண்டு அக்காவிடம் போனாள். சூசன்னா குழந்தையை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு நீட்டினாள்.

"காதை மூடி எடுத்துட்டுப் போ. வெளிய குளிரு."

அறையே கொதித்தது. ஒருத்தி காறித் துப்பினாள். ரோசீனா அத்தை கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"கன்னிப்பொண்ணுங்க வைக்கிற வெல்வெட் தொப்பி தலையில, பிள்ளை இடுப்புலயா? பால் எங்கடின்னு கேட்டா என்ன காட்டுவ, திருடி?"

ரெகீனா தொப்பியைக் கழற்றி அம்மாவின் காலடியில் போட்டாள். அத்தையைத் தோளால் ஒதுக்கிவிட்டு வெளியே நடந்தாள்.

"எனக்குப் பால் இருக்கு அத்தை. அக்காவுக்குத்தான் இல்ல."