நாங்க சைவம், டாக்டர்

கடைத் தட்டிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துத் திருப்பினாள்.

எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. மைதா, பாமாயில், சர்க்கரை. அதுவரைக்கும் சரி. அப்புறம் பால் பவுடர்.

வைத்துவிட்டாள்.

அடுத்தது மசாலா சிப்ஸ். உருளைக்கிழங்கில் பாலுக்கு என்ன வேலை? கடைசி வரியில் இருந்தது, பதுங்கிக்கொண்டு.

அதையும் வைத்துவிட்டாள்.

எல்லாவற்றின் மேலும் பச்சை வட்டம். சைவமாம்.

டாக்டர் ஒழுங்காகத்தான் சொன்னார். மகளுக்கு உண்ணி கடித்து வந்த ஒவ்வாமை. குட்டி போட்டுப் பால் கொடுக்கிற எந்தப் பிராணியும் ஆகாது, ஆட்டுக்கறி, மாட்டுக்கறி என்று ஆரம்பித்தார்.

"நாங்க சைவம், டாக்டர்."

குறுக்கே விழுந்து சொன்னாள். என்ன பெருமை அதில்! சிரிப்பு வேறு.

அவர் பாக்கியையும் சொன்னார். இவள் காதில் ஏறவில்லை. பாலும் நெய்யும் அந்தப் பாக்கியில்தான் இருந்தன.

தினம் ஒரு டம்ளர் பாலைத் தன் கையாலேயே கொடுத்தாள். ராத்திரி உடம்பு தடித்து வந்ததை வேர்க்குரு என்று பவுடர் போட்டாள். பிறகு ஒருநாள் நெய் பிஸ்கட். பச்சை வட்டம் போட்டதுதான். அன்றைக்குப் பிள்ளை மூச்சுக்குத் தவித்து ஆஸ்பத்திரியில் கிடந்தது.

பாவி, பெத்த தாய்தான் கொடுத்தாள்.

"பொரியே வாங்கிருவோம்மா" என்றாள் ஆவுடை.

நாளைக்குப் பள்ளிக்கூடச் சுற்றுலா. எல்லாப் பிள்ளைகளும் பை நிறையக் கொண்டுவரும். ஆவுடை பொரி டப்பாவோடு ஓரமாக உட்காருவாள். அழுது அடம்பிடித்தாலாவது தேவலை. பிள்ளை கேட்பதையே விட்டுவிட்டது.

கடைசித் தட்டு. இவள் அந்தப் பக்கம் போனதே இல்லை. பஸ்ஸில் மீன்கூடை ஏறினால் இடம் மாறி உட்காருகிறவள்.

இறால் சிப்ஸ். பச்சை வட்டம் இல்லை. பழுப்பு முக்கோணம். அசைவம்.

திருப்பினாள்.

மரவள்ளி மாவு, இறால், உப்பு, சர்க்கரை, பாமாயில்.

மறுபடியும் படித்தாள். அவ்வளவுதான். இறால் குட்டி போட்டுப் பால் கொடுப்பதில்லை.

ஆவுடை முக்கோணத்தைப் பார்த்துவிட்டாள்.

"ஐய, நம்ம இதெல்லாம் திங்கக் கூடாதுல்லா?"

"ஏளா, இது ஒன்ன ஒண்ணும் செய்யாது."

"நீ திம்பியா?"

பாக்கெட்டோடு பில் போடப் போனாள். கடைக்காரர் தெரிந்தவர். பாக்கெட்டைப் பார்த்தார், இவள் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார், பில்லைப் போட்டார்.

வெளியே வந்து, பூட்டிக் கிடந்த ஜெராக்ஸ் கடைப் படியில் உட்கார்ந்து பிரித்தாள். வாடை முகத்தில் அடித்தது.

ஆவுடை கையை நீட்டவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். கண்ணில் நீர் முட்டியது. முழுங்கினாள்.

"உப்புதான் கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்று பாக்கெட்டை மகள் பக்கம் நீட்டினாள்.