யார் கை முதலில்

மெழுகுவத்தி பாதியாகிவிட்டது.

முன்வரிசையில் இருந்தவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடையில் குத்துவிளக்கு. அந்தப் பக்கம் பேராசிரியர் மாசிலாமணி. இந்தப் பக்கம் பேராசிரியர் பக்தவத்சலம். நடுவில் அலுவலக உதவியாளர் பொற்கொடி, மெழுகுவத்தியை நீட்டியபடி.

யாரும் வாங்கவில்லை.

பேராசிரியர்கள் இருவரும் முன்வரிசையில் இருந்தவளுடைய கணவரின் மாணவர்கள். கமடோர் வைத்திலிங்கம் கடற்படையிலிருந்து ஓய்வுபெற்று, இந்தப் பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகள் பாடம் நடத்தியவர். இன்று அவருக்கு முதல் நினைவுச் சொற்பொழிவு.

கமடோரின் கோட்பாடு உலகப் பிரசித்தம். நாடுகள் நிலத்துக்காகச் சண்டை போடுவதில்லை. யார் முதலில் வணக்கம் சொல்வது என்பதற்காகத்தான் போடுகின்றன.

ஆதாரம், அவரே கண்ணால் கண்டது. கடலில் கப்பலுக்குக் கப்பல் வணக்கம் சொல்வதென்றால் கொடியைக் கொஞ்சம் இறக்கி ஏற்றுவார்கள். ஒருமுறை இரண்டு போர்க்கப்பல்கள் எதிரெதிரே வந்தன. நீ முதலில் இறக்கு என்று இரண்டும் நின்றன. நின்றன என்றால், அடியில் பாசி பிடித்து, பாசியில் மீன் முட்டையிட்டு, குஞ்சுகள் வளர்ந்து பெரிதாகி, அவற்றைப் பிடித்து இரண்டு கப்பல் சமையற்காரர்களும் குழம்பு வைக்கிற வரைக்கும் நின்றன. குழம்பு மட்டும் கப்பல்விட்டுக் கப்பல் போய்வந்தது.

கொடி இறங்கவில்லை.

இதை மேற்கோள் காட்டாத ஆய்வேடு கிடையாது. குழம்பை மட்டும் விட்டுவிடுவார்கள்.

மாணவர்கள் பாடத்தை நன்றாகவே பிடித்துக்கொண்டார்கள். மாசிலாமணியும் பக்தவத்சலமும் ஒரே நாளில் பேராசிரியர் ஆனார்கள். அன்றோடு ஒருவருக்கொருவர் வணக்கம் நின்றுபோனது. மாடிப்படித் திருப்பம் நீரிணை. ஒருவர் ஏறினால் மற்றவர் இறங்கமாட்டார். கேன்டீன் பொதுக்கடல். பொற்கொடியின் மேஜை நடுநிலை நாடு.

துணைவேந்தர் முன்பே சொல்லிவிட்டார். இருவரும் சேர்ந்து நடத்துவதானால் கமடோர் பெயரில் ஆய்வு மையம். சேர்வார்களா என்பது இன்றைக்கு மேடையிலேயே தெரிந்துவிட வேண்டும். இல்லையென்றால் மையத்துக்கு ஒதுக்கிய அறை வணிகவியல் துறைக்கு.

வணிகவியல் துறைத் தலைவர் மூன்றாம் வரிசையில் இருந்தார். சட்டைப்பையில் இஞ்ச் டேப்.

'நீங்க ஏத்துங்க' என்று ஒருவர் சொன்னால் போதும். ஆனால் சொல்பவர் கொடியை இறக்கியவர் ஆகிவிடுவார். சொல்லும் முன்பே மற்றவர் ஏற்றினாலோ, பண்பில்லாதவர்.

எனவே பண்போடு நின்றார்கள்.

"சார், கை சுடுது சார். யாராச்சும் வாங்குங்க," என்றாள் பொற்கொடி.

எந்த சார் என்று சொல்லவில்லை. நடுநிலை.

முன்வரிசையில் இருந்தவளுக்கு ஒரு சால்வை போர்த்தி உட்காரவைத்திருந்தார்கள். விளக்கேற்றக் கூப்பிடவில்லை. கணவனை இழந்தவளைக் கூப்பிடுவதில்லை. கோட்பாடு படித்தவர்களும் கூப்பிடுவதில்லை.

அவள் சால்வையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

மேடை ஏறினாள்.

"தள்ளுங்கப்பா ரெண்டு பேரும். அந்தப் பொண்ணு கை வெந்துபோகுது."

மெழுகுவத்தியை வாங்கினாள்.

முதல் திரியைப் பற்றவைத்தாள்.

ஒன்றும் ஆகவில்லை. விளக்கு எரிந்தது.

மேலே மின்விசிறி. சுடர் படுத்தது. அணையப்போனது.

இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு உள்ளங்கைகள் வந்து அதைக் காற்றுப்படாமல் பொத்திக்கொண்டன.

சுடர் நிமிர்ந்தது.

கைகளை எடுத்தால் அணைந்துவிடும். அதனால் எடுக்கவில்லை. மிச்சத் திரிகளையும் அவளே நிதானமாக ஏற்றினாள். ஐந்து திரியும் எரிகிற வரைக்கும் அந்தக் கைகள் அங்கேயே இருந்தன.

துணைவேந்தர்தான் முதலில் கைதட்டினார்.

டீ இடைவேளையில் மாசிலாமணி தயங்கித் தயங்கி அவளிடம் வந்தார்.

"அம்மா, நீங்க பக்கத்துலயே நின்னீங்க. யார் கை முதல்ல வந்துச்சு?"

அவள் டீயை ஆற்றினாள்.

"அவர் கைதான்ப்பா."

அப்படியானால் கொடியை முதலில் இறக்கியது பக்தவத்சலம். மாசிலாமணியின் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு பிஸ்கட் கூடுதலாக எடுத்துக்கொண்டு போனார்.

கொஞ்ச நேரத்தில் பக்தவத்சலம் வந்தார். அதே தயக்கம். அதே கேள்வி.

"அவர் கைதான்ப்பா," என்றாள்.