விசுவாசத்துக்கு இருபது புள்ளி

"விசுவாசத்துக்கு இருபது, பேச்சுக்கு ஒண்ணா? என்ன தேவா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அகல்யா கேட்டது நியாயம்தான். முகப்பேரில் அவள் ஃப்ளாட்டில் ஞாயிறுதோறும் ஒரு கதை விளையாட்டு நடக்கும். கையிலிருக்கும் புள்ளிகளைப் பலம், வேகம், பேச்சு, விசுவாசம் என்று பங்கு போட்டு ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கிக்கொள்வார்கள். பிறகு பகடையை உருட்டி, அந்தப் பாத்திரமாகவே பேசி ஆடுவார்கள். கதையை நடத்துபவள் அகல்யா. தேவாவின் ஆள் எப்போதும் ஒரே ரகம்: இருக்கிற புள்ளியையெல்லாம் பலத்தில் கொட்டி, ஒரே வெட்டில் ராட்சசனைச் சாய்க்கிற முரடன். கணக்குப் போட்டு ஆள் செய்வதில் அவனை அடித்துக்கொள்ள அம்பத்தூர் வட்டாரத்திலேயே யாரும் கிடையாது.

"இன்னிக்கு ஜெயிக்க வேண்டியது ராட்சசனை இல்ல. தீபிகாவோட அப்பாவை" என்றான் தேவா.

தேவாவைக் காதலிக்கிற விஷயத்தைத் தீபிகா வீட்டில் போட்டு உடைத்துவிட்டாள். அவள் அப்பா பக்தவத்சலம், ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸ்காரர். "அந்தப் பையன் ஞாயித்துக்கிழமையானா பகடை உருட்டறானாமே! அது இன்னா ஆட்டம்னு நானே போய்ப் பாக்கறேன். அப்பாலதான் கல்யாணப் பேச்சு" என்று சொல்லிவிட்டார். அதனால்தான் தேவா மண்டையை உடைத்துக்கொண்டு, எந்த மாமனாருக்கும் பிடித்துப்போகிற மாதிரி ஒரு தளபதியைச் செய்திருந்தான். பெரியவர்கள் பேச்சைத் தட்டவே மாட்டான், அப்படி ஒரு தங்கம்!

பக்தவத்சலம் வந்தார். கொடுத்த டீயைத் தொடவில்லை. அகல்யா விளக்கியதையெல்லாம் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு கேட்டார்.

"நீங்க யாரா இருக்கப் போறீங்க அங்கிள்? வீரன், மந்திரவாதி, திருடன்..."

"ராஜா" என்றார். "எனக்கு ஒரே பொண்ணு. நேத்து ஒரு படகோட்டிப் பயலோட ஓடிட்டா."

அகல்யா தான் தயார் செய்துவைத்திருந்த பூதத்தின் கதையைச் சத்தமில்லாமல் ஓரங்கட்டினாள்.

அதற்கப்புறம் அந்த மனிதர் ஆடினாரே ஓர் ஆட்டம்! நாற்காலி சிம்மாசனமாகிவிட்டது. தொடையைத் தட்டிக்கொண்டு கத்தினார்.

"தளபதி! பெத்து வளத்தவனுக்குத் தெரியாதா, எவன் கையில புடிச்சுக் குடுக்கணும்னு? ஒரு அன்னாடங்காச்சிக்கு என் பொண்ணு கேக்குதா? போ! ரெண்டு பேரையும் இழுத்துக்கினு வா! அவன் கையை ஒடிச்சாலும் ஒண்ணும் தப்பில்ல!"

அம்பத்தூரில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிற தேவாவுக்கு, 'அன்னாடங்காச்சி' சுருக்கென்று தைத்தது. ஆனாலும் என்ன செய்ய? "உத்தரவு மகாராஜா" என்றான்.

தளபதி குதிரையேறி ஏரிக்கரைக்குப் போனான். "படகு சேத்துல மாட்டிக்கிட்டு இருக்கு" என்றாள் அகல்யா. "படகோட்டி கையில துடுப்பு மட்டும்தான். பகடையில ரெண்டுக்கு மேல எது விழுந்தாலும் புடிச்சிடுவ."

பிடித்தால் ராஜா குளிர்ந்துவிடுவார். ராஜா குளிர்ந்தால் கல்யாணம் கைகூடிவிடும். தேவா பகடையைக் கையில் எடுத்தான்.

"இளவரசி இன்னா பண்றா?" என்று கேட்டான்.

"ஓடல. அவனுக்கு முன்னாடி வந்து நிக்கறா. 'முதல்ல என்னை வெட்டு'ங்கறா."

தீபிகாவும் இவர் முன்னால் இப்படித்தான் நின்றிருப்பாள். தேவா பகடையை மேசைமேல் வைத்துவிட்டான்.

"உருட்டல. பாக்காத மாதிரி குதிரையைத் திருப்பிக்கினு போறேன்."

"டேய், விசுவாசம் இருபதுடா!"

"தெரியும். போட்டதே நான்தானே."

ராஜா முன்னால் சாய்ந்தார். "எங்கே அவங்க?"

"காணோம் மகாராஜா."

பொய் பலிக்கவும் பகடை உருட்ட வேண்டும். பேச்சுக்கோ ஒரே ஒரு புள்ளி. மூன்றுதான் விழுந்தது, போதவில்லை.

"பொய்!" என்று மேசையில் ஓங்கி அடித்தார் பக்தவத்சலம். பகடை துள்ளிக் கீழே விழுந்தது. "மூஞ்சியிலயே எழுதி ஒட்டிக்கீது!"

தேவா எழுந்து நின்றான். இனிமேல் பேசுவது தளபதியா தேவாவா என்று அவனுக்கே தெரியவில்லை.

"பாத்தேன் சார். புடிச்சிருக்கலாம். மனசு வரல. உங்ககிட்ட நல்ல பேர் வாங்கத்தான் இந்த ஆளையே செஞ்சேன். ஆனா ஒரு பொண்ணை அழ வெச்சு வாங்கற நல்ல பேர் எனக்கு வேணாம் சார்."

பக்தவத்சலம் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, மனைவியைக் கூப்பிட்டார். முடிந்தது, தீபிகாவை இன்றைக்கே ஊருக்கு அனுப்பிவிடுவார் என்று நினைத்துக்கொண்டான் தேவா.

"லோகநாயகி, தீபிகா பக்கத்துல கீறாளா? கேட்டா கேக்கட்டும், இனிமே மறைச்சு இன்னா ஆவப்போவுது! இத்தினி நேரம் உங்கப்பன் மாதிரியே கத்தினதுல எனக்குத் தொண்டையே கட்டிக்கிச்சு. நம்மள இழுத்துக்கினு வரச்சொல்லி அவரு அனுப்பினாரே ஆளுங்க, அதுல ஒருத்தன் அரக்கோணம் ஸ்டேஷன்ல நம்மள நேருக்கு நேர் பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கினு போனானே, ஞாபகம் கீதா? அந்த மாதிரி ஒருத்தன்தான்டி நமக்கு மாப்பிள்ளையா வர்றான்!"